கடைசி எபிசோடு

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். கரியாலூர் பஸ் மலையடிவாரத்தில் ஒரு மணி நேரமாக நின்றது. என் முன்சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும். போனையே பார்த்துக்கொண்டிருந்த தங்கை சத்தமாகச் சொன்னாள்:

“இன்னும் பத்து நிமிஷம் மறிச்சா போதும்.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“வாய மூடுடி. உன் பொம்மப் படத்துக்காக எல்லாரும் நிக்கணுமா?”

“அது ஜப்பான் அனிமே, அக்கா. கடைசி எபிசோடு போன்ல எறங்கிக்கினு இருக்கு. மேல ஏறிட்டா டவரே இல்ல.”

மறியல் முடிந்து பஸ் கிளம்பியது. தங்கை நகத்தைக் கடித்தாள். முதல் கொண்டை ஊசி வளைவில் டவர் போவதற்குள் படம் முழுக்க இறங்கிவிட்டது. ஹெட்செட்டை மாட்டியவள் உடனே கழற்றினாள்.

“இன்னாடி?”

“வெறும் ஜப்பான் பேச்சுதான் வருது. கீழ வர்ற இங்கிலீஷ் எழுத்து தனி ஃபைலு. அத எறக்க மறந்துட்டேன்.”

“சண்டைதானே, பாத்தாலே புரியும்.”

“இதுல சண்டையே இல்லக்கா. முழுக்க பேசிக்கினே இருக்காங்க.”

ஜன்னல் வழியே அடிவாரத்தை எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, நாளைக்கும் மறிப்பாங்களா?”