தரைக்கு அடியில் ரப்பர்

ஒரகடம் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே தரை போடும் தொழிலாளி ஒருவர், தெரிந்த பெண்ணிடம் பேசிக்கொண்டு வந்தார்.

“சத்தம் கேக்காம பண்ணிக் குடுத்தேன், அந்தம்மா அழுதுட்டாங்கக்கா.”

“ஏன்?”

“மாடி வூட்டுல புள்ள ஓடறதால, நைட் ஷிப்ட் போற கீழ்வூட்டுக்காரருக்குப் பகல்ல தூக்கம் இல்ல. ஓனர் சொல்லி, ரப்பர் விரிச்சு மேல பலகைத் தரை போட்டேன். மாடியில இருக்கற அந்தம்மாவுக்குக் காது கேக்காது. தரை அதிர்றத வச்சுத்தான் புள்ள எங்க ஓடுதுன்னு தெரிஞ்சுக்குவாங்களாம்.”

“அப்புறம்?”

“கீழ்வூட்டுக்காரருகிட்ட சொன்னேன். ‘மாடி ஹால்ல மட்டும் ரப்பர எடுத்துடு, நான் உள்ரூம்ல படுத்துக்கறேன்’னாரு.”

“எடுத்துட்டியா?”

“இப்பத்தான் எடுத்துட்டு வர்றேன். புள்ள அந்தம்மாவுக்குப் பின்னாடி ஓடிச்சு. துணி மடிச்சுக்கினு இருந்த அந்தம்மா சரியா அந்தப் பக்கம் திரும்பினாங்க.”