காவலை ஒப்படைக்காமல் நகராத சின்ன ஐயா

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் துறைமுக அதிகாரி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் லெப்டினன்ட் ஐயாவின் துணைவியார் அம்மா அவர்களே, அவருடைய மகளே, வேலை உடுப்போடு ஓடி வந்து நிற்கும் தோழர்களே, வணக்கம். இந்த மைக்கை அணைத்துவிடுங்கள். கப்பலின் இயந்திர அறையில் கத்தியே காலம் தள்ளியவன் நான். என் குரல் வாசல்வரை கேட்கும்.

லெப்டினன்ட் ஐயா கப்பலில் சேர்ந்தபோது அதிகாரிகளிலேயே இளையவர். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அதனால் 'சின்ன ஐயா' என்றோம். தலை முழுக்க நரைத்த பிறகும் அவர் நமக்குச் சின்ன ஐயாதான்! அந்தச் சின்ன ஐயா செய்த காரியம் சின்னதா?

அன்றைய போரில் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தோம். எதிரியின் முதல் குண்டு மேல்தளத்தில் விழுந்து கேப்டன் இறந்துபோனார். அடுத்த குண்டு கப்பலின் அடிப்பக்கத்தைத் துளைத்தது. பேச்சுக்குழாய் வழியே கீழே என் காதில் சின்ன ஐயாவின் குரல் கேட்டது.

"கேப்டன் போயிட்டாரு. பொறுப்பு என்கிட்ட. வேகம் கொடுங்க."

"தண்ணி ஏறுதுங்க, ஐயா!"

"முழங்காலா, இடுப்பா?"

"முழங்கால்."

"அப்ப நேரம் இருக்கு."

இருந்த நேரத்தில் என்ன செய்தார்? எங்கள் கப்பலை எதிரிக்கும் சரக்குக் கப்பல்களுக்கும் நடுவே குறுக்கே நிறுத்தினார். பீரங்கி சூடேறி ஓயும்வரை சுட்டார். சரக்குக் கப்பல்கள் ஒன்றுவிடாமல் தப்பின! அதற்குப் பிறகுதான் எங்களைக் கடலில் குதிக்கச் சொன்னார். கடைசியாகக் குதித்தவர் அவர். நீந்திக்கொண்டிருந்த எங்களை எதிரிப் படகு அள்ளிக்கொண்டு போனது.

ஒரு பழைய கிடங்கில் அடைத்தார்கள். ஜன்னல் கிடையாது. உள்ளே நுழைந்ததும் சின்ன ஐயா சொன்ன முதல் வார்த்தை, "காவல் போடுவோம்." கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. காவலில் நிற்பவர், அடுத்தவர் வந்து "பொறுப்பு என்கிட்ட" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை இடத்தைவிட்டு நகரக்கூடாது.

"பூட்டினவன் அவன். காவலையும் அவனே பாக்கட்டுமே, ஐயா" என்றார் எங்கள் சமையல்காரர்.

"அவன் பூட்டைப் பாத்துக்குவான். நம்ம ஆளுங்கள யாரு பாக்குறது?"

சமையல்காரருக்கு இரண்டு கையும் வெந்துபோயிருந்தன. சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பிழைக்கமாட்டார் என்றே நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். சின்ன ஐயா அவரிடமே காவலைக் கொடுத்தார்.

"கை ரெண்டும் போச்சு, நான் என்னத்தக் காக்குறது?"

"கண்ணு இருக்குல்ல? எழுந்திரிங்க."

நிற்க வேண்டுமென்றால் தின்ன வேண்டுமே! நாங்கள் ஊட்டினோம். உப்பில்லை என்று எங்களையே திட்டினார். ஆள் பிழைத்துவிட்டார் என்று அப்போதே தெரிந்தது.

ஆள் மாறி ஆள் நிற்பதைப் பார்த்து, தப்பிக்கத் திட்டம் போடுகிறோம் என்று சிறை அதிகாரி சின்ன ஐயாவை இழுத்துப்போனான். எதைக் காக்கிறீர்கள் என்று கேட்டானாம். "என் கப்பலை" என்றாராம். அதுதான் மூழ்கிவிட்டதே என்றானாம். "ஆளுங்க இருக்காங்கல்ல?" என்றாராம். அந்தப் பதிலுக்கு விலா எலும்பை உடைத்து அனுப்பினார்கள். கதவருகே தூக்கிப் போட்டபோது என்ன கேட்டார் தெரியுமா?

"யாரு காவல்?"

"நான்தாங்க" என்றார் சமையல்காரர். "எல்லாரும் நல்லா இருக்காங்க. உங்களுக்குத்தான் சரியில்ல. படுங்க."

உள்ளே போன அத்தனை பேரும் உயிரோடு வீடு திரும்பினோம்!

ஓய்வுபெற்ற பின் அவர் சும்மா இருந்தாரா? நம் துறைமுக மீட்பு அறையில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தார். திசை தெரியாமல் தவித்த எத்தனை படகுகளைப் பேசிப் பேசியே கரை சேர்த்தார்! போன வாரம் அதே நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கப் பார்த்தார்கள். நாற்காலியை அவர் விடவில்லை. சாப்பாடு கொண்டுவந்த மகள் அழுதுகொண்டே சொன்னார்: "பொறுப்பு என்கிட்டப்பா." உடனே கையை எடுத்தார். சொன்ன வார்த்தைக்காக மகள் அங்கேயே உட்கார்ந்தார். நான் போய்ப் பொறுப்பேற்ற பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினார். மகளைப் பார்த்ததும் சின்ன ஐயா கேட்டாராம்:

"யாருகிட்டம்மா குடுத்த?"

"என்ஜின் மாமாகிட்டப்பா."

"அப்ப சரி."

அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பதக்கம் எனக்கு வேண்டாம்.

அவர் போய்விட்டார், இனி அறையை மூடிவிடலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அதிகாரி அவர்களே, மூட விடமாட்டோம்! சமையல்காரர் ஏன் வரவில்லை என்று பலர் கேட்டீர்கள். அவர் காவலில் இருக்கிறார். கிழவர்களால் என்ன முடியும் என்கிறீர்களா? காது இருக்குல்ல? கூட்டம் முடிந்ததும் நான் போய் அவரை மாற்ற வேண்டும். எனக்குப் பிறகு மகள். அவருக்குப் பிறகு யார்? அதோ, ஒரு கை. அங்கே இன்னொன்று. அடேயப்பா, போதும், நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது!

சின்ன ஐயா, பொறுப்பு எங்ககிட்ட. நீங்க போய்ப் படுங்க.