தமிழில் விட்ட ஒரு வாக்கியம்

ஸ்ம்ருதி நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள்.

தில்லியில் பணக்காரர்கள் வாழும் சாணக்யபுரியில் வளர்ந்த தமிழ்ப் பெண், கரோல் பாக்கில் ஒரே அறையில் மூன்று பேரோடு நெருக்கியடித்துக் கிடந்த என்னை ஒருநாளும் ஏளனமாகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அவள் நடத்திய புலனாய்வு நிகழ்ச்சிக்கு ஆட்களைத் தேடிப் பிடித்தவளும், அவர்கள் பேசியதை மொழிபெயர்த்தவளும் நான்தான். திரையில் வருவது அவள் பெயர்.

அந்த வருஷம் ஒரு பை தைக்கும் ஆலை எரிந்தது. உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது என்றார் முதலாளி. மேஸ்திரி கோபாலன் வெளியே பூட்டியிருந்தான் என்பது அங்கே கூட்டித் துடைத்த செல்லம்மாளுக்கு மட்டும் தெரியும். தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் அவளைக் கண்டுபிடித்து ஒரு மாதம் நடையாய் நடந்தேன். வாயே திறக்கவில்லை. ஸ்ம்ருதி ஒரே ஒரு தரம் வந்தாள். தரையில் உட்கார்ந்து செல்லம்மாளின் தட்டிலிருந்தே சோற்றை எடுத்துத் தின்றாள். அவ்வளவுதான், செல்லம்மாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஏ உமா, பராக்குப் பாக்காம தாயிக்குத் தண்ணி மோந்து குடு. புரையேறுதுல்ல," என்று செல்லம்மாள் என்னை விரட்டினாள்.

ஸ்ம்ருதிக்கு மோந்து கொடுத்தேன்.

"பயப்படாதீங்கோ ஆன்ட்டி. முகம் வராது, பக்கா," என்றாள் ஸ்ம்ருதி.

முகத்தை இருட்டாக்கினோம். குரலை இயந்திரத்தில் கரகரப்பாக்கி, அதன்மேல் இந்திக் குரல் ஏற்றினோம். முதல் வாக்கியத்தை மட்டும் பேசியவரின் மொழியிலேயே விடுவது வழக்கம். நிஜ ஆள்தான் பேசுகிறார் என்று பார்ப்பவர்கள் நம்ப வேண்டுமே. அந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. செல்லம்மாளின் ராமநாதபுரத்துத் தமிழ் அங்கே வேறு யாருக்கும் பிடிபடாது.

நான் எடுத்தது இது: "மேஸ்திரி டீ வாங்கியாரச் சொல்லி தூக்குச்சட்டிய என் கையில குடுத்தாரு. திரும்பி வந்தா வெளிய பூட்டுத் தொங்குது."

அன்று டீ வாங்கப் போனது ஒரே ஆள். அனுப்பியவன் கோபாலன். அவனும் தமிழன்.

ஸ்ம்ருதி கேட்காமல் இல்லை.

"உமா, ஆன்ட்டி ரொம்ப ஃபாஸ்டா பேசறா, எனக்குப் பாதி புரியலை. அவங்கதான்னு கண்டுபிடிக்கற மாதிரி ஒண்ணும் இல்லையே?"

"அன்னைக்கு வேலைக்குப் போயிருந்தேன்னு சொல்றாங்க. வேற ஒண்ணுமில்ல."

"அச்சா. போட்டுடு."

செல்லம்மாளை மிரட்டுவார்கள், அவள் பேச்சை மாற்றுவாள், ஸ்ம்ருதியின் நிகழ்ச்சி சந்தி சிரிக்கும் என்றுதான் நினைத்தேன். கோபாலன் எப்படிப்பட்டவன் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். ஒரு மாதம் அந்தக் கேம்ப்பில்தானே நடந்தேன்.

ஒளிபரப்பான சில நாளில், கேம்ப்பை ஒட்டிய பாராபுல்லா சாக்கடையிலிருந்து செல்லம்மாளைப் பிணமாக எடுத்தார்கள். மகன் அருள்மணி ஸ்ம்ருதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அம்மா எந்நேரமும் ஒங்க பேச்சுதான்க்கா." நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுவாரம் ஸ்ம்ருதி கேமரா முன் உட்கார்ந்து, அந்தச் சாவுக்குத் தான்தான் காரணம், புரியாத பேச்சை ஒளிபரப்பியது தன் குற்றம் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டாள். பத்திரிகைகள் அவள் நேர்மையை மெச்சி எழுதின.

அதனால்தான் நானே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அடுத்தவர் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்வது அநியாயம். கேட்டு, யோசித்து, அந்த வாக்கியத்தை வெட்டி வைத்தது நான். அவளுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. இதையாவது என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.