அம்பதுக்கு ரெண்டு கம்மி

போலீஸா? அட, இல்லம்மா, பயப்படாதீங்க. இது சும்மா எண்ணுற மெஷின். ரோட்டைத் தாண்டுற ஆளுக்கு ஒரு அமுக்கு, அவ்வளவுதான். இருங்க... அந்த ஆளு சைக்கிளத் தள்ளிட்டுப் போறாரு பாருங்க, அவரும் கணக்குதான். நாப்பத்தாறு.

நீங்க இங்க புதுசா? அந்த அஞ்சு மாடியா? நாலு வருஷம் முன்னாடி அது முட்டைக்கோஸ் வயல். ஹாம்பர்க் வளருது வளருதுன்னு வீட்டையெல்லாம் இந்தப் பக்கம் கட்டினாங்க, ஸ்டேஷனை அந்தப் பக்கம் வச்சாங்க. நடுவுல இந்த எழவெடுத்த ரோடு. தாண்டுறதுக்கு வெள்ளைக் கோடு போடுங்கடான்னா, காலைல ஏழுலருந்து எட்டுக்குள்ள அம்பது பேர் தாண்டணும்கிறான் ரோட்டு ஆபீஸ்காரன். அப்ப நாப்பத்தொம்போது பேருக்கு உசுரு இல்லியா?

சிரிக்காதீங்க. அந்த ஆபீஸுக்கு முப்பது வருஷமா எண்ணிக் குடுத்தவனே நான்தான். போன அக்டோபர்ல இங்கயே, இதே மடக்கு நாற்காலில உக்காந்து எண்ணினேன். பாழாப்போன மழை, பாதிப் பேர் வெளியவே வரல. நாப்பத்தெட்டு. கூட வந்த டோர்பென் தலைதலையா அடிச்சுக்கிட்டான்: ரெண்டு சேத்து எழுதுய்யா, எவன் பாக்கப்போறான்னு. எனக்குத்தான் யோக்கியன்னு பேரு வேணுமே! நாப்பத்தெட்டுன்னே எழுதினேன். கோடு கெடையாதுன்னுட்டாங்க.

இப்பவா? யாரும் அனுப்பல. நான் ரிட்டயர் ஆயாச்சு. நானாத்தான் வர்றேன், தெனமும். ஆபீஸ்ல இந்தக் கணக்க வாங்க மாட்டான், தெரியும்.

எது, இந்த பிளாஸ்க்கா? ஆமா, நசுங்கித்தான் இருக்கு. காப்பி நிக்காது, ஒழுகும். சும்மா பக்கத்துல வச்சுக்கறது. எம் பொண்டாட்டி வீப்கேயோடது. அன்னிக்கு மழைல நனையுறேனேன்னு, அந்தப் பக்கம் இருக்குற எங்க வீட்டுலருந்து இதுலதான் காப்பி கொண்டாந்தா. குடுத்துட்டுத் திரும்பிப் போனா. வந்தது ஒண்ணு, போனது ஒண்ணு. வீட்டு ஆளை எண்ணினா மோசடின்னு நான் அமுக்கல.

மார்ச்ல இதே எடத்துல அவள வேன் அடிச்சுட்டுது. அப்பவும் இது அவ கையிலதான் இருந்துச்சு. என்னால தாங்க முடியலம்மா.

சரி, உங்களுக்கு ரயில் வந்துரும். கார் நின்னப்புறம் காலை வைங்க. போங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க தள்ளுவண்டில தூங்குதே, அந்தக் குட்டியையும் சேத்தே எண்ணிக்கிறேன்.