இசக்கிராஜோட ஒரே போட்டோ

ரத்தம் குடுத்துட்டு ஜூஸ் குடிச்சுட்டு இருக்குற அண்ணன்மாரே, அக்காமாரே... ரெண்டே நிமிஷம். மனசுல ஒரு சின்னக் கதை கெடக்கு, சொல்லிடுறேன்.

நம்ம ரசிகர் மன்றத்துல இசக்கிராஜ்னு ஒருத்தன் இருந்தான். தலைவர் படம் ரிலீஸ்னா மொத ஆளு! அவனுக்கு வாயச் சுத்தி, கையிலல்லாம் வெள்ள வெள்ளையா திட்டு. வெண்புள்ளி.

அது என்னன்னு தெரியுமா? நான் டாக்டர் இல்ல, வீடியோ பாத்துப் படிச்சதுதான்... நம்ம மேல்தோலு ஒரு பேப்பர் கனம். அதோட அடிவரிசைல, பத்து செல்லுக்கு ஒண்ணு, நிறம் தயாரிக்கிற செல்லு. நம்ம ஒடம்போட காவக்காரனே, அதான் நோய் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாம அத அடிச்சுப்புடுறான். அவ்வளவுதான்! தொட்டா ஒட்டுமா? ஒட்டாது! சேந்து சாப்பிட்டா? ஒட்டாது!

ஆனா நாங்க என்ன செஞ்சோம்? பேனருக்குப் போட்டோ எடுக்கும்போதெல்லாம், "ஏல மாப்ள, நீ கேமராவப் பிடி. ஒனக்குத்தாம்ல கை ஆடாது."

அவனும் சிரிப்பான். "ஆமால, நான் நின்னா ஃபிளாஷே வேண்டாம்லா!"

நாலு வருஷம்... நாலு வருஷம் சிரிச்சான்.

போன தையில பைபாஸ்ல லாரி மோதி... போயிட்டான்.

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கணும். போட்டோ தேடுறோம்... ஆதார் கார்டுல இருக்குறது மூஞ்சியே தெரியாத மங்கலு, வேற இல்ல! எல்லாரையும் எடுத்தவன் அவன். அவன எடுத்தது யாரு? அவன் ஃபோன்ல ஒரே ஒரு செல்ஃபி. எடிட் பண்ணது நான்தான். பாசத்துலதான் பண்ணேன்... வெள்ளையப் பூரா அழிச்சு, பளபளன்னு ஆக்கி, அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன்.

அவங்க அம்மா வந்து பேனர் முன்னாடி நின்னாங்க.

"ஏய்யா... இது யாரு?"

"நம்ம இசக்கிதாம்மா."

பேனர்ல அந்த உதட்டத் தடவுனாங்க. "இங்கன வெள்ள இருக்கும்லா... ஏழு வயசுல வந்தது. நான் சோறு ஊட்டுன வாயி. அந்தப் படம் இருந்தா தாய்யா."

"இல்லம்மா... அழிச்சிட்டேன்."

"உசுரோட இருக்கையிலயும் ஒங்க போட்டோவுல எம்புள்ள இல்ல. செத்த பொறவும் இல்லியாய்யா?"

...

கேட்டீங்களா? வியாதி எடுத்தது நிறத்த. ஆளையே எடுத்தது நாங்க! வெண்புள்ளியோ, செதிலுதிர்ற சொரியாசிஸோ... ஒங்க வீட்டுல, ஒங்க தெருவுல ஒருத்தர் இருப்பாங்க. பக்கத்துல போங்க. தோள்ல கை போடுங்க. அந்த மூஞ்சிய அப்படியே, ஒண்ணையும் அழிக்காம, ஒரு படம் எடுத்து வைங்க. இன்னைக்கே எடுங்க... அந்தம்மா கேட்டப்ப எங்கிட்ட குடுக்க ஒண்ணுமே இல்லைங்க.