தண்ணி இறங்காத மரத்தளம்

பலகை உடைஞ்சுடுச்சு, சம்பந்தி. உங்க கால் உள்ள போயிடுச்சு. அவ்வளவுதான் நடந்தது. அதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்?

இழுக்காதீங்க. இழுக்காதீங்கன்னு சொல்றேன்ல? உடைஞ்ச சிலாம்பு எல்லாம் கீழ பார்த்து நிக்குது. உள்ள போறப்ப வழி விடும். வெளிய வர்றப்ப கடிக்கும். நீங்க இழுக்க இழுக்க நல்லா பிடிச்சுக்கும். இன்னொரு காலை மடக்கி உட்காருங்க. ஈரமா? முட்டி வரைக்கும் உள்ள விட்டுட்டு ஈரத்தைப் பத்தி என்ன பேச்சு?

போன் பண்ணியாச்சு. உங்க போன்லதான் பண்ணேன். என்கிட்டயே இருக்கட்டும், உங்க கையில இருந்தா தண்ணியில போட்டுடுவீங்க. ஆள் வருது. எப்பவா? வர்றப்ப வரும்.

வாத்தைப் பார்க்காதீங்க. பார்த்தா கிட்ட வரும். ஒண்ணும் பண்ணாது. தீனி கொண்டு வந்திருக்கீங்கன்னு நினைக்குது. நான் வளர்க்கலைங்க. அதுவா வந்துச்சு. தண்ணி இருந்தா வாத்து வரும், அதுக்குக் கடுதாசியா போடணும்?

தப்பு உங்க பேர்லதான். மணி அடிச்சீங்க. நான் திறக்கலை. திறக்கலைன்னா என்ன அர்த்தம்? வேலிக்கதவைத் தள்ளிட்டு, பின்பக்கமா வந்து, இந்தத் தளத்து மேல நடந்து, பின்கதவு வழியா உள்ள போய், உங்க பொண்ணு கட்டி வெச்சுட்டுப் போன பெட்டியைத் தூக்கிட்டீங்க. நான் அடுக்களையில நின்னு பார்த்துட்டேதான் இருந்தேன். வெறுங்கையா வந்தப்ப பலகை தாங்குச்சா இல்லையா? பெட்டியோட போறப்பதான் உடைஞ்சுது. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. வாசற்படி மேல எடுத்து வெச்சுட்டேன். கனமாத்தான் இருக்கு. ரெண்டு பேர் துணியும் ஒரே பெட்டியில அடைச்சா?

ஆமா, ரெண்டு பேர். உங்க பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போனா, சரி. மருமக கோவிச்சுக்கிறது எந்த வீட்டுலயும் இருக்கு. என் வீட்டுக்காரி எதுக்குப் போனா? மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில நின்னு நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா? அப்புறம் என் பையன். ரெண்டு பேரையும் விட்டுட்டு வர்றேன்னு பையைத் தூக்கிட்டுப் போனான். போனவன் போனவன்தான். உங்க வீட்டுல நல்லாச் சாப்பிடறானாமே?

நீங்க சோபாவுலதான் படுக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். மெத்தைக் கடை வெச்சிருக்கிறவர் சோபாவுல. சிரிக்கலைங்க. இருமல்.

என்ன கேட்டீங்க? இதை எதுக்குக் கட்டினேனா? துணி காயப் போட.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? இந்த ஊர்ல துணி காயாதுன்னு எனக்கும் தெரியும். மழை நிக்கிறதுன்னு ஒண்ணு இங்க கிடையாது. கொஞ்சம் குறைஞ்சா அதுக்குப் பேர் வெயில். கொல்லையில கால் வெச்சா சேறு கணுக்காலைப் பிடிக்கும். உங்க பொண்ணு நாள் பூரா பஸ் ஓட்டிட்டு வருவா. வந்து அந்தப் பின்கதவுல நின்னு வெளிய பார்ப்பா. காலை நீட்டி உட்கார ஒரு இடம் இருந்தா நல்லா இருக்கும் அத்தைன்னு ஒரு நாள் என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லிட்டு இருந்தா. அவங்க பேச்சு அவங்களுக்கு. நான் துணி காயப் போடத்தான் கட்டினேன்.

மரமெல்லாம் நல்ல மரம். மருந்து ஏத்தின மரம். பெரிய உருளைக்குள்ள கட்டையைப் போட்டு மூடி, அழுத்தம் கொடுத்து மருந்தை உள்ள ஏத்துவாங்களாம். பச்சையா இருக்கும். பேரன் பேத்தி காலம் வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னான் கடைக்காரன். ஆனா மருந்து நடு வரைக்கும் போகாதாம். வெட்டின முனையில, துளை போட்ட இடத்துல எல்லாம் இதைப் பூசணும்னு ஒரு டப்பாவை நீட்டினான். வேணாம்னேன். ஏற்கெனவே மருந்து குடிச்ச கட்டைக்கு இன்னொரு டப்பா எதுக்கு? வியாபாரத் தந்திரம்னு நினைச்சேன். தந்திரம் இல்ல போல.

கட்டினேன். ஒரு ஆளா கட்டினேன். பையனைக் கூப்பிட்டேன், அவன் சுத்தியலைப் பிடிக்கிறதைப் பார்த்துட்டு, போய் உள்ள உட்காருடான்னுட்டேன்.

அப்பத்தான் உங்க பொண்ணு வந்தா. பலகைக்குப் பலகை ஒரு விரல் இடைவெளி விடுங்க மாமா, மழைத்தண்ணி கீழ போகணும்னா.

யார்கிட்டச் சொல்றா? நான் வாழ்நாள் பூரா குழாய் வேலை பார்த்தவன். ஒரு சொட்டு ஒழுகுதுன்னா ஊரே என்னைத்தான் கூப்பிடும். ஒழுகாம இருக்கத்தான் எனக்குக் கூலி. என்கிட்ட வந்து ஒழுகுற மாதிரி கட்டுங்கன்னா? சும்மா இருப்பேனா? பலகையை நெருக்கி அடிச்சேன். நடுவுல கோடு மாதிரி தெரிஞ்ச இடத்துல எல்லாம் பசையை வெச்சு அடைச்சேன். குளியலறைக்குப் போடுற பசை. தரமானது. ஓரத்துல யாரும் வழுக்கி விழுந்துடக் கூடாதுன்னு சுத்தி நாலு பக்கமும் கட்டை வெச்சேன். அதுக்கும் பசை.

மழை பெஞ்சுது. ஒரு சொட்டு கீழ இறங்கலை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

அதேதாங்க. தொட்டி. நீங்களும் சொல்லிட்டீங்களா? என் பையன் சொன்னான், வீட்டுக்காரி சொன்னா, நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

உங்க பொண்ணு ஒண்ணும் சொல்லலை. அதுதான் அவகிட்ட எனக்குப் பிடிச்சது. பேசமாட்டா. மறுநாள் காலையில பார்த்தேன், தண்ணி வடிஞ்சு கிடக்கு. நடுப்பலகையில ஒரு துளை. சுண்டுவிரல் கனம். டிரில் மெஷின்ல போட்டிருக்கா.

நானும் ஒண்ணும் சொல்லலை. விளக்குமாத்துக் கட்டையில ஒரு துண்டு அறுத்து, சீவி, துளையில வெச்சு ஒரே அடி. அடைஞ்சுடுச்சு. தண்ணி தேங்குச்சு.

அவ இன்னொரு துளை போட்டா. நான் இன்னொரு துண்டு அறுத்தேன்.

இப்படியே போச்சு. அவ போட, நான் அடைக்க. ரெண்டு பேரும் ஒரே மேசையில சாப்பிடுவோம். உப்பை நகர்த்தும்மான்னா நகர்த்துவா. இதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. விளக்குமாறு குட்டையாகிட்டே வந்துது. கடைசியில என் வீட்டுக்காரி குந்திக்கிட்டுத்தான் பெருக்குவா. முதுகு போச்சுன்னு சொல்லுவா. யார் துளை போடச் சொன்னான்னு நான் கேட்பேன். யார் அடைக்கச் சொன்னான்னு அவ கேட்பா. பையன் நடுவுல வந்து சமாதானம் பேசுவான். அவன் சமாதானம் பேசினாத்தான் எங்க எல்லாருக்கும் கோபம் வரும்.

காலை அசைக்காதீங்க. தொடையில ஏதோ கடிக்குதா? மீனா? மீன் எல்லாம் இருக்காது. இருக்காதுன்னுதான் நினைக்கிறேன்.

சம்பந்தி, ஒண்ணு கவனிச்சீங்களா? இவ்வளவு பெரிய ஓட்டை விழுந்தும் தண்ணி இறங்கலை பாருங்க. உங்க பேண்ட் துணி ஊறி, காலோட சேர்ந்து, வாஷர் போட்ட மாதிரி கச்சிதமா உட்கார்ந்திருக்கு. நானே வெச்சிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது. பாராட்டத்தான் சொல்றேன். எதுக்குத் திட்டறீங்க?

சரி. கேட்டீங்க, சொல்றேன். உங்க பொண்ணு என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. நடந்தது இதுதான். ஒரு நாள் அவ துளை போட்டுட்டு இருக்கிறப்பவே நான் கதவைத் திறந்துட்டேன். அதுவரைக்கும் நேருக்கு நேர் பார்த்துக்கிட்டது இல்ல. அவ நிறுத்தலை. என்னைப் பார்த்துட்டே போட்டா. எனக்குச் சுருக்குன்னுச்சு. இது என் வீடு, என் வீட்டுல துளை போட நீ யாருன்னு கேட்டுட்டேன்.

ஆமா. கேட்டேன்.

அவ மெஷினை நிறுத்தினா. துடைச்சா. பைக்குள்ள வெச்சா. அன்னைக்கு அவ ஓட்டுற பஸ்லயே ஏறித்தான் மூணு பேரும் போனாங்க. என் வீட்டுக்காரி டிக்கெட் எடுத்தாளாம். மருமக ஓட்டுற பஸ்ல ஓசியில போனா நல்லா இருக்காதாம். எனக்கும் வாத்துக்கும்தான் அப்புறம் இந்த வீடு. காபியா? எனக்குப் போடத் தெரியாது. இத்தனை நாளா என்ன சாப்பிட்டேன்னு கேட்காதீங்க. வாத்தையே கேளுங்க.

நீங்க பெட்டி எடுக்க வருவீங்கன்னு தெரியும். பெட்டி போயிடுச்சுன்னா அப்புறம் ஒண்ணும் இல்லன்னும் தெரியும். சீப்பு, கண்ணாடி, சட்டைத்துணின்னு ஏதாவது ஒண்ணு இங்க கிடந்தாத்தான் ஒரு ஆள் திரும்ப வரும். எல்லாத்தையும் மடிச்சு ஒரே பெட்டியில கொண்டு போறதுன்னா என்ன அர்த்தம்? உங்களுக்குப் புரியும். நீங்களும் பொண்ணைக் கட்டிக் கொடுத்தவர்தானே.

நீங்க விழுந்தது எந்த இடம்னு தெரியுதா? நடுப்பலகை. அங்கதான் துளை அதிகம். அவ துளை போட்டதால மருந்து இல்லாத நடுமரம் வெளிய வந்துது. நான் விளக்குமாத்துக் கட்டையை வெச்சு அடிச்சதால அது ஊறி அழுகிச்சு. தனியா என்னாலயும் முடியாது, தனியா அவளாலயும் முடியாது. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணது இது ஒண்ணுதான். அதுல நீங்க காலை விட்டுட்டீங்க.

ஹாரன் கேட்குதா? வந்தாச்சு.

தீயணைப்பு வண்டின்னு நான் எப்பங்க சொன்னேன்? ஆள் வருதுன்னுதான் சொன்னேன். என் நம்பர்ல கூப்பிட்டா உங்க பொண்ணு எடுக்க மாட்டா. உங்க நம்பர்னா எடுத்துத்தானே ஆகணும்? அப்பா கால் மாட்டிக்கிச்சுன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. அவளும் கேட்கலை.

அட, பஸ்ஸோடயே வந்திருக்கா. உள்ள ஆள் இருக்கு. ஜன்னல் பூரா தலை. கையை ஆட்டுங்க சம்பந்தி, மரியாதைக்கு. அந்த அம்மா போட்டோ எடுக்கிறாங்க பாருங்க, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

வாம்மா.

பேசமாட்டா. நான் சொன்னேன்ல? உங்ககிட்டயும் பேசலை பாருங்க. மெஷினோட வந்திருக்கா. பேட்டரிதான், பயப்படாதீங்க, கரண்ட் அடிக்காது. காலைச் சுத்தி வரிசையாத் துளை போட்டா பலகை தானாத் துண்டா வந்துடும். சரியான யோசனை. மெஷின்ல மாட்டுற பெரிய பிட்டு வேணுமாம்மா? என்கிட்டதான் இருக்கு. சட்டைப்பையில. எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தேன். இந்தா.

ஆடாதீங்க சம்பந்தி. அவ கை ஆடாது. நெரிசல்ல பஸ் ஓட்டுற கை.

விழுந்துடுச்சு துண்டு. எடுங்க காலை. மெதுவா. ஷூவை விடுங்க, ஷூ வராது.

சத்தம் கேட்குதா? தண்ணி இறங்குது. மொத்தமா இறங்குது. வாத்து தரையில உட்கார்ந்துடுச்சு பாருங்க. என்ன செய்யறதுன்னு தெரியாம என்னைப் பார்க்குது. என்னை எதுக்குப் பார்க்கணும்?

எங்கம்மா கிளம்பிட்டே? ஆமா, பஸ் நிக்குது. போ. பஸ்ல இருக்கிறவங்களும் வேலைக்குப் போகணும்ல.

இருங்க. பெட்டியைத் தூக்குறா. எந்தப் பக்கம் போறா? உங்களுக்குத் தெரியுதா? எனக்குக் கண்ணு சரியா இல்ல.

உள்ளயா? உள்ளதான் வெச்சாளா? பார்த்தீங்களா?

என்னம்மா? சரி. சரி. ஞாயித்துக்கிழமை பிரிச்சுக் கட்டிடலாம். ரம்பம் இருக்கு. பலகைக்குப் பலகை ஒரு விரலா? ஒண்ணரை விரல் விட்டாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. அத்தையையும் கூட்டிட்டு வா. அவனையும் கூட்டிட்டு வா, வேற வழி இல்லன்னா. வண்டியைப் பார்த்து எடு.

போயிட்டா.

உட்காருங்க சம்பந்தி, ஒத்தை ஷூவோட எவ்வளவு நேரம் நிப்பீங்க? என் இடத்துல உட்காருங்க, நான் எழுந்துக்கிறேன். நான் உட்கார்ந்திருந்த இந்தப் பெட்டி கெட்டிதான், தாங்கும். டூல்ஸ் பெட்டி. ரம்பம், சுத்தியல், நெம்புகம்பி எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. ஆமா, முதல்லேருந்தே அதுக்குள்ளதான் இருக்கு. நான் நெம்பியிருந்தா உங்க கால் அப்பவே வந்திருக்கும். துணிப்பெட்டியும் உங்களோட போயிருக்கும்.

கத்தாதீங்க. துண்டு தர்றேன், துடைங்க. வீட்டுக்குப் போனா கேட்பாங்க, எப்படி வெளிய வந்தீங்கன்னு. தீயணைப்புக்காரங்கன்னு சொல்லிடாதீங்க. நான் எடுத்து விட்டேன்னும் சொல்லாதீங்க, அது பொய். இந்த வீட்டு மருமகள்னு சொல்லுங்க.