வைரஸ் இல்லாத தட்டு

பிளீச் ஊற்றும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் சார். இல்லாவிட்டால் அன்று முழுக்க எதைச் சாப்பிட்டாலும் அந்த வாடைதான். மாடிப்படியில் அத்தானின் செருப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறப்பதற்குள் அந்த ஒரு சோதனைத் தட்டில் ஊற்றி முடித்துவிட்டேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். எங்கள் ஆய்வகத்தின் தலைவரும் அவரே. ஒரு மரப்பட்டையிலிருந்து வைரஸை அடக்கும் சாற்றை ஆறு வருடம் மாரடித்துப் பிரித்தெடுத்தது நான். கட்டுரை அச்சில் வந்தபோது என் பெயர் இல்லை.

"பட்டை இடிச்சவ, பாட்டில் கழுவினவ பேரையெல்லாம் போட்டா பக்கம் பத்தாது கொழுந்தியா" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு சாற்றைப் பத்து மடங்கு அடர்த்தியாக்கச் சொன்னார். ஆக்கினேன். இரண்டு தட்டுகளில் சோதனை. முதல் தட்டில் உயிருள்ள செல்கள், வைரஸ், சாறு. வைரஸ் எண்ணிக்கை பூஜ்யம். இரண்டாவதில் வைரஸ் கிடையாது. செல்களும் சாறும் மட்டும். அதில் செல்கள் மொத்தமும் செத்துக் கிடந்தன. வீட்டையே இடித்துவிட்டால் குடியிருப்பவன் எங்கே இருப்பான்? அடர்த்தியான சாறு விஷமாகிவிட்டிருந்தது. அத்தான் கண்ணில் படாமல் அழிக்க அந்த இரண்டாவது தட்டில்தான் பிளீச் ஊற்றினேன். நோட்டில் 'செல்கள் நலம்' என்று எழுதினேன்.

அத்தான் பூஜ்யத்தைப் பார்த்தார், அடுத்த வரியைப் படித்தார், தலைகால் புரியாமல் குதித்தார்.

மறுவாரம் அக்காவுக்குக் காய்ச்சல். அத்தான் அந்தச் சாற்றில் ஒரு பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போனார். இருமல் மருந்தைக்கூட முதலில் அக்காவுக்குக் கொடுத்துப் பார்க்கிற ஆள் அவர். எனக்கு அது தெரியும்.

அக்கா போன் செய்தாள். "ஏன்டி, உங்க அத்தான் இதைக் குடி குடின்னு உயிரை வாங்குறார். கசப்பு குடலைப் புரட்டுது. அவர் பேச்சை நம்ப முடியுமா? நீ சொல்லு, குடிக்கிறேன்."

"தேன் கலந்து குடிக்கா. ஒரே மடக்கா."

"நீ இருக்கிற தைரியம்தான்டி எனக்கு."

மூன்றாம் நாள் அக்கா போய்விட்டாள்.

அத்தானைப் பழிவாங்க அக்காவை ஏன் பலி கொடுத்தாய் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அத்தான்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை சார். அவருடைய கட்டுரைகளை வீட்டில் தட்டச்சு செய்தது அக்காதான். அந்தக் கட்டுரையின் திருத்தப் பிரதி, பிளீச் ஊற்றுவதற்கு முன்பே ஒருநாள், ஆய்வக அலமாரியில் என் கைக்குக் கிடைத்தது. அத்தான் என் பெயரை முதலாவதாகவே போட்டிருந்தார். அதை அடித்துவிட்டு, ஓரத்தில் 'இவள் வேண்டாம்' என்று எழுதியிருந்தது அக்கா.